ஏணியில் ஏறிய பொய்க்கால்

ஏணியின் ஆறாவது படியில் நின்றிருந்தேன். ஹட்டனில் அன்று விடிந்ததிலிருந்தே தூறல். பயிற்சி நிலையத்தின் பின்முற்றத்தில் சாத்தியிருந்த மர ஏணி நனைந்து கறுத்திருந்தது.

வலது பாதத்துக்குப் படி தெரிந்தது. இடது பாதத்துக்குத் தெரியவில்லை. அது பிளாஸ்டிக்கும் இரப்பரும் சேர்த்துச் செய்த பாதம். படியின் நடுவில் வைத்திருக்கிறேனா, ஓரத்தில் வைத்திருக்கிறேனா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். குனிந்து பார்த்தால் கீழே நிற்கிற எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

"என்ன ராஜேந்திரன், ஏதும் கஷ்டமா?"

கீழேயிருந்து கேட்டவர் ஜெமீல் சேர். எங்களுக்கு வீட்டு மின்சார வேலை பழக்கியவர்.

"இல்ல சேர். ஒரு கஷ்டமும் இல்ல."

பிள்ளைகளே, அப்பா வாழ்க்கையில் அதிகம் சொன்ன பொய் இதுதான். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும், அங்கிருந்து என்னைத் தூக்கி எடுத்தவர்கள் யார் என்பதையும் இந்த வாரம் எழுதுகிறேன்.

எப்போதும் ஒரே பதில்

இராணுவத்தில் நான் லொறி ஓட்டினேன். அரிசி, பருப்பு, தண்ணீர்த் தாங்கி, இவைதான் என் லொறியில் போனவை. தோட்டத்துப் பையன் அங்கே ஏன் போனான் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கேட்டார்கள். சிலர் கேட்காமலே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதையெல்லாம் முந்திய வாரங்களில் எழுதிவிட்டேன். வடக்கே ஒரு செம்மண் பாதையில் என் லொறி கண்ணிவெடியில் ஏறியது. இடது முழங்காலுக்குக் கீழே எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரியில் பொய்க்கால் பொருத்தி, நடக்கப் பழக்கி, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டால் யாருக்கும் தெரியாது. சற்று நிமிர்ந்து, அவசரமில்லாமல் நடப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

கஷ்டமில்லை என்று சொல்லும் பழக்கம் படையில் வந்ததல்ல. அதற்கும் முன்னால், பெரட்டில் வந்தது. விடியற்காலையில் வேலைக்காரர்கள் எல்லோரும் கூடி நிற்க, கங்காணி அவரவருக்கு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. "யாருக்காச்சும் சொகமில்லையா?" என்று அவர் கேட்பார். சுகமில்லை என்று சொன்னவர் லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அன்றைக்கு அவருக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. எங்கள் அப்பா காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்று, "நல்லா இருக்கேங்க" என்று சொல்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பல் தந்தியடிக்கும். குரல் மட்டும் உறுதியாக இருக்கும்.

படையிலும் அதே கதை. அதிகாரி வரிசையைச் சுற்றி வந்து, "குறை ஏதும் உண்டா?" என்று கேட்பார். "இல்லை சேர்!" என்று ஒரே குரலில் கத்துவோம். ஒருமுறை அவரே எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். அவருடைய பருப்பிலேயே புழு. அதை விரலால் எடுத்து எங்களுக்கு நேரே தூக்கிக் காட்டி, "இப்போது சொல்லுங்கள், சாப்பாட்டில் குறை உண்டா?" என்றார். "இல்லை சேர்!" என்று மறுபடியும் கத்தினோம். அவர் புழுவைத் தட்டோரத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நில்மினி மிஸ்ஸின் மேசை

படையிலிருந்து வந்தவர்களுக்கு அரசாங்கம் தொழிற்பயிற்சி தருகிறது, முடித்தால் கருவிப்பை கொடுத்து வேலையும் தேடித் தருகிறது என்ற கடிதத்தைக் கிராம சேவகரே மேடேறி லயத்துக்குக் கொண்டுவந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே வாசித்துக் காட்டினார். தபாலில் போட்டிருக்கலாம். "போட்டா நீங்க வர மாட்டீங்கன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அந்தக் கடிதத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போனேன். அங்கே இந்த வேலையைப் பார்த்தவர் நில்மினி மிஸ். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். மேசையில் எப்போதும் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். அவருக்குத் தமிழ் வராது. படையில் பழகிய சிங்களம் எனக்கு வரும். இருவரும் சிங்களத்தில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"காலில் காயம் என்று கடிதத்தில் இருக்கிறதே. வேலை செய்ய ஏதும் கஷ்டம் உண்டா?"

"இல்லை மிஸ்."

"ஏறி இறங்க?"

"இல்லை மிஸ்."

"மருத்துவத் தாள் கொண்டு வரவில்லையா?"

"தேட வேண்டும் மிஸ்."

தேட வேண்டியதே இல்லை. வீட்டு ட்ரங்குப் பெட்டியில், உங்கள் அம்மாவின் கூறைப் புடவைக்கு அடியில் நானே மடித்து வைத்திருந்தேன். மின்சார வகுப்பில் இடம் இருந்தது. கால் இல்லை என்று சொன்னால் என் பெயர் வேறொரு பட்டியலுக்குப் போகும், அந்தப் பட்டியல்காரர்களை வீட்டிலேயே உட்கார வைத்து நலம் மட்டும் விசாரிப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். வீட்டில் உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது. தர்ஷினி, நீ அப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாய். கிஷோர், உனக்கு மூன்று வயது. அம்மா மட்டும் மழையிலும் பனியிலும் கொழுந்து பறிக்கப் போய் வந்தாள்.

மின்சார வகுப்பு கிடைத்துவிட்டது என்று வந்து சொன்னேன். உங்கள் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, வயரு வேலையா? கூரை மேல யாரு ஏறுவா, ஒங்க மாமனா?"

"சமாளிச்சுக்குவேன் யோகா."

"சமாளிக்க அது ஒங்க காலா இருக்கணுமே. வார் வச்சுக் கட்டினதுங்க அது."

பண்டாரவும் நானும்

வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி முடித்துவிட்டு வந்த இளசுகள். படையிலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர்: நானும் பண்டாரவும். பண்டார வட்டவளைப் பக்கத்துச் சிங்களவர், என் வயதுதான். முதல் நாளே வந்து எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். யாராவது அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால், சிரித்துப் பேசி எழுப்பிவிடுவார்.

அவரிடம் ஒரு விநோதம் இருந்தது. ஜெமீல் சேர் ஏதாவது பகிடி சொன்னால், எல்லோரும் சிரித்து முடிந்த பிறகு அவர் சிரிப்பார். கோழி பார்ப்பதுபோல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே கேட்பார். ஆளுக்குப் புத்தி கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அவரோ என் நடையைப் பார்த்துச் சிங்களத்தில், "மச்சாங், நீ என்ன தோட்டத்துத் துரை மாதிரி நடக்கிறாய்?" என்பார். பெருமையாகத் தலையாட்டிக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்து பொய்க்காலைக் கழற்றினால் பெருமை எல்லாம் போய்விடும். மழைக்காலத்தில் தோல் ஊறிப் பிய்ந்திருக்கும். அம்மா வெந்நீர் கொண்டுவந்து வைப்பாள். ஒன்றும் பேசமாட்டாள். அவள் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

திரும்பிக்கொண்ட பாதம்

இனி ஆறாவது படிக்கு வருகிறேன்.

ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தவர் பண்டார. இதற்கு மேல் ஏற முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "மச்சாங், இறங்குகிறேன். கெட்டியாகப் பிடி" என்று சொல்லிவிட்டு இடது காலைத் தூக்கினேன். அதே நேரத்தில் பண்டார, நான் சொன்னது காதில் விழாதவர் போல, கீழே கிடந்த குறடை எடுக்க ஏணியை விட்டுவிட்டுக் குனிந்தார்.

ஏணி ஈரச் சீமெந்தில் வழுக்கியது.

நல்ல காலம், மேசன் வகுப்புக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் விழுந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வகுப்புப் பிள்ளைகள் அலறினார்கள். ஏன் அலறுகிறார்கள் என்று குனிந்து பார்த்தேன். என் இடது சப்பாத்தின் குதிகால் முன்னால் இருந்தது. விரல் பக்கம் முதுகுப் பக்கமாகத் திரும்பியிருந்தது. வார் தளர்ந்து பொய்க்கால் அரைச் சுற்றுத் திரும்பிவிட்டது. காற்சட்டை, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது.

ஜெமீல் சேர் முகம் வெளுத்து ஓடி வந்தார். "அல்லாவே! ராஜேந்திரன், வலிக்குதா?"

"இல்ல சேர். ஒன்னுமில்ல."

பழக்கம், பிள்ளைகளே. பாதம் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறது, வாய் மட்டும் ஒன்றுமில்லை என்கிறது.

பண்டார கிட்ட வந்து என் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "மச்சாங், ஒன்றுமில்லை என்றால், அந்தக் கால் உன்னை விட்டுவிட்டு எங்கே போகப் பார்க்கிறது?"

நான் கையால் பாதத்தைப் பிடித்து முன்பக்கம் திருப்பினேன். 'கறக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற மாணவன் ஒருவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஜெமீல் சேர் மற்றவர்களைத் தேநீருக்கு அனுப்பினார். அவரும் ஈர மணலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"இங்க வர முந்தியே சேர்."

அவர் பண்டாரவின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார்: "அவர் இறங்குகிறேன் என்று சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லையா?"

பண்டார பதில் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேர் எழுந்து, மறுபக்கம் சுற்றிப் போய் அதே கேள்வியைக் கேட்டார். உடனே பதில் வந்தது. குண்டுச் சத்தத்தில் இடது காது போய்விட்டதாம். அவரும் நில்மினி மிஸ்ஸிடம் கஷ்டம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்.

ஜெமீல் சேர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தருக்குக் கால் இல்ல. ஒருத்தருக்குக் காது இல்ல. ரெண்டு பேரையும் நான் கரண்டுக்குப் பக்கத்துல விட்டிருக்கேனே!"

கொஞ்சம் ஆறியதும் மெதுவாகச் சொன்னார்: "இத மறைக்க ஏலாது. நில்மினி மிஸ்ஸோட கந்தோருக்கு நான் அறிவிக்கத்தான் வேணும். நாளைக்கு ரெண்டு பேரும் அங்க வாங்க. ராஜேந்திரன், நீங்க வீட்டுல உள்ளவங்களையும் கூட்டிட்டு வாங்க. உங்க வாய நான் இனி நம்ப மாட்டேன்."

என் இடம் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். பஸ்ஸில் வீடு வரும்வரை, அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் யோசனை.

உங்கள் அம்மா பேசினாள், நான் சொன்னேன்

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. நான் கேட்காமலே ட்ரங்குப் பெட்டியைத் திறந்து மருத்துவத் தாளை எடுத்தாள். அது எங்கே இருந்தது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பஸ் ஹட்டனை நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "அங்க நீங்க பேசாதீங்க. நான் பேசுறேன்."

"ஒனக்குத்தான் சிங்களம் வராதே."

"நான் தமிழ்ல சொல்லுறேன். நீங்க அத அப்படியே சிங்களத்துல சொல்லுங்க. அவ்வளவுதான் ஒங்க வேல."

முதலில் பண்டார உள்ளே போனார். கையில் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். காதுக்குக் கருவி வாங்கித் தரப் போகிறார்களாம். அது வந்த பிறகு வகுப்பைத் தொடரலாமாம். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள்.

அம்மா மருத்துவத் தாளை மேசையில் வைத்தாள். நில்மினி மிஸ் அதை முழுக்க வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தொடங்கிவிட்டாள். கையை ஆட்டி, தொடையில் தட்டிக் காட்டி, மூச்சு விடாமல் பேசினாள். அவள் நிறுத்தியதும் நான் சிங்களத்தில் சொன்னேன்: "கொஞ்சம் வலி இருக்கிறதாம் மிஸ்."

நில்மினி மிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவர் அவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் ஒரு வரி சொல்கிறீர்கள். மிச்சம் எங்கே?"

மொழி தெரியாவிட்டாலும் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "சுருக்கிட்டீங்களா? மொதல்லேர்ந்து வாங்க. ஒவ்வொன்னா."

அதன்பிறகு ஒவ்வொரு வரியாகப் போனது.

"காலையில கால் இருக்குன்னு நெனச்சுக்கிட்டே கட்டில விட்டு எறங்குவாரு. எறங்கி விழுவாரு. சொல்லுங்க."

சொன்னேன்.

"மழ நாள்ல தோல் பிஞ்சு, உள்ள போடுற துணியோட ஒட்டிக்கும். அத நனைச்சுத்தான் எடுக்கணும். சொல்லுங்க."

சொன்னேன்.

"பீலிக்கரைக்குத் தண்ணிக்குப் போக மாட்டாரு. வழுக்கும்னு பயம். ஆனா வெளிய என்னா சொல்லுவாரு தெரியுமா? 'அங்க பொம்பளைங்க நிக்கிறாங்க'ன்னு சொல்லுவாரு."

அதையும் சொன்னேன். நில்மினி மிஸ்ஸின் உதட்டில் சிரிப்பு வந்து போனது.

அடுத்ததை அம்மா சத்தம் குறைத்துச் சொன்னாள்.

"புள்ளயத் தூக்கிக்கிட்டு வாசப்படி எறங்க மாட்டாரு. சின்னவன் கைய நீட்டிக்கிட்டு நிப்பான். 'அம்மாகிட்ட போ'ன்னு வெரட்டுவாரு. தன்னய அப்பாவுக்குப் புடிக்காதுன்னு அவன் நெனச்சிட்டான்."

அதை என்னால் சிங்களத்தில் சொல்ல முடியவில்லை. வார்த்தை தெரியாமல் அல்ல. உன்னைப் பற்றி அப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது, கிஷோர். உன்னோடு விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் துரத்தினேன். இன்றைக்கு நீ என்னைவிட உயரமாக வளர்ந்து நிற்கிறாய். ஆனாலும் இதை எழுத்தில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நில்மினி மிஸ் அவசரப்படுத்தவில்லை. போத்தலிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றி என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் குடித்தேன். பிறகு சொன்னேன். அம்மா சொன்ன அத்தனையையும், ஒன்றையும் விடாமல்.

"என் இடம் போய்விட்டதா மிஸ்?" என்று கடைசியில் கேட்டேன்.

"அந்த இடம் போய்விட்டது. ஏணி ஏறுகிற வேலைக்கு உங்களை நான் அனுப்ப மாட்டேன்." அவர் தொடர்ந்தார்: "நான் கேட்ட கேள்வியும் பிழை. கஷ்டம் உண்டா என்று கேட்டால் உங்களைப் போன்றவர்கள் இல்லை என்றுதான் சொல்வீர்கள். இப்போது வேறு மாதிரிக் கேட்கிறேன். எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?"

"அரை மணி நேரம்."

"உட்கார்ந்தால்?"

"நாள் முழுக்க உட்காருவேன் மிஸ்."

அவர் ஒரு புதுத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

செம்புக் கம்பி

எரிந்த மோட்டர்களுக்குப் புதிதாகச் சுற்றுக் கட்டும் வகுப்பு ஒன்று அதே நிலையத்தில் நடந்துகொண்டிருந்தது. தொடங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது, பட்டியலும் மூடியாயிற்று. நில்மினி மிஸ் மேலிடத்துக்குக் கடிதம் போட்டார். பதில் வராததால் இன்னொன்று போட்டார். என் கை சுத்தமான கை, வயர் முடிச்சு நேர்த்தியாகப் போடுவேன் என்று ஜெமீல் சேரும் எழுதிக் கொடுத்தார். காத்திருந்த அந்த நாட்களில் அம்மா கொழுந்துக் கூடையோடு போய் வந்தாள். எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "வரும்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தது. அனுமதிக் கடிதத்தைக் கிராம சேவகர்தான் மறுபடியும் மேடேறிக் கொண்டுவந்தார். இந்த முறை பால் விடாத சாயத்தண்ணி ஒரு கோப்பை குடிக்காமல் அவரை விடவில்லை.

எனக்குத் தவறிப்போன மூன்று வாரப் பாடத்தை, மாலையில் மற்றவர்கள் போன பிறகு ஜெமீல் சேர் உட்கார்ந்து சொல்லித் தந்தார். அது அவருடைய வகுப்பே அல்ல. அவருக்கு ஒரு பஸ் போய், அடுத்த பஸ்ஸும் போகும். "பரவாயில்ல, நீங்க சுத்துங்க" என்பார்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. கருகிய கம்பியை வெட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்தையும் துடைத்து, உள்ளே தாள் வைக்க வேண்டும். புதுச் செம்புக் கம்பியைச் சுற்று எண்ணி எண்ணிக் கட்ட வேண்டும். ஒரு சுற்றுப் பிசகினாலும் மோட்டர் காட்டிக் கொடுத்துவிடும். கடைசியில் வார்னிஷ் ஊற்றிக் காய வைத்தால், தேனும் மண்ணெண்ணெயும் கலந்ததுபோல் ஒரு வாசம் வரும். தர்ஷினி, "அப்பா மேல இனிப்பு வாசம் வருது" என்று நீ சொன்னது அதுதான்.

சோதனையில் தேறினேன். சான்றிதழும் கருவிப்பையும் கிடைத்தன. பண்டாரவும் தேறினார், இப்போது நானுஓயாவில் வயர் வேலை செய்கிறார், காதில் கருவியோடு. பகிடிக்கு எங்களோடு சேர்ந்தே சிரிக்கிறார்.

அரசாங்கம் என்ன செய்தது என்று யாராவது குறை பேசினால் நான் வாதாடப் போவதில்லை. குறை இருக்கத்தான் செய்யும். ஆனால் எனக்கு அரசாங்கம் என்றால், மேடேறி வந்த ஒரு மனிதரும், பஸ்ஸைத் தவற விட்ட ஒரு மனிதரும், என் வாயிலிருந்து மிச்சத்தைக் கேட்டு வாங்கிய ஒரு பெண்ணும்தான். பிறகு அந்த மேசைக்கு வந்தவர்களிடம் எல்லாம் நில்மினி மிஸ் கேள்வியை மாற்றித்தான் கேட்டாராம். பண்டார சொன்னார்.

நில்மினி மிஸ் பேசி வைத்ததால், பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் வேலை கிடைத்தது. முதல் நாள் போனேன். கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் காற்றாடி மோட்டர் ஒன்று எரிந்து கிடந்தது. பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா நல்ல உயரம், கனத்த குரல். அந்த மோட்டரைக் கீழே கொண்டுவந்து நெஞ்சளவு உயர மேசையில் வைக்கச் சொன்னார்.

"வேலை தெரியும்னு கடிதத்துல எழுதியிருக்கு. இங்கதான் நிண்டு செய்யணும். என்ன, ஏதும் வேணுமா?"

'ஒன்றுமில்லை ஐயா' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவரோ கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இடது கால் இல்லீங்கய்யா" என்றேன். "அரை மணிக்கு மேல நிக்க முடியாது. உயரமா ஒரு ஸ்டூல் வேணும்."

அவர் என் சப்பாத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாடிப்பக்கம் திரும்பிக் கத்தினார்:

"யாரப்பா அங்க? ஆபீஸ்ல இருக்கிற அந்த உயர ஸ்டூலக் கொண்டாங்க. சுருக்கா!"

ஸ்டூல் வந்தது. உட்கார்ந்தேன். மோட்டரை என் பக்கம் இழுத்து மூடியைக் கழற்றினேன்.